ஒரிஜினல் மூடி

ரேடியேட்டர் மூடி வாங்க வருகிறவர்கள் அதன் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். திருப்பிப் பிடித்து, உள்ளே இருக்கும் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பார்த்து வாங்கியவர்கள் இந்த நாற்பத்தோரு வருஷத்தில் நான்கு பேர் இருந்தால் அதிகம். அந்த நான்கு பேரில் ஒருவருக்குக் கண் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வேற இருந்தா குடு" என்றார். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம் சார்.

நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன், எழுத வசதியாக இருக்கும்.

பெயர் ராஜவேல். வயது எழுபத்து மூன்று. கடலூர் முதுநகரில், ரயிலடிக்குப் போகிற வழியில் கார் உதிரிபாகக் கடை. பலகையில் 'ஒரிஜினல் சாமான்கள் மட்டும்' என்று எழுதியிருக்கும். மனைவி இறந்து பதினாறு வருஷம். பிள்ளை கிடையாது.

என்னைப் பற்றி முதுநகரில் யாரிடம் கேட்டாலும், அந்த ஆள் சொல்வதில் பாதி புளுகு என்பார்கள். அது உண்மைதான். தானே புயல் அடித்த மறுநாள் ஒரு காரின் ரேடியேட்டரைத் திறந்தேன், உள்ளே உயிரோடு ஒரு கெளுத்தி மீன் இருந்தது, எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு வண்டிக்காரர், "வேணாம், அது வந்ததுலேருந்து வண்டி சூடே ஆவல" என்று சொல்லிவிட்டார் என்று ஒரு கதை சொல்வேன். சொல்லும்போது சிரிக்கமாட்டேன். கேட்கிறவர்கள்தான் சிரிப்பார்கள். டீக்கடையில் என்னை உட்காரவைத்து, மீன் கதையைச் சொல்லு என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அந்த மீனுக்கு மாதத்துக்கு ஒரு கிலோ எடை கூடிக்கொண்டு வருகிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நடந்ததில் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

என் தங்கை பட்டம்மாளைக் கட்டியவர் செந்தமிழ்செல்வன். கீரப்பாளையத்துக்காரர். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நானும் மச்சான் என்பேன், அவரும் மச்சான் என்பார். அவரிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் இருந்தது. டீசல் வண்டி, தொண்ணூற்று ஏழாம் வருஷத்து மாடல். அதற்கு ஒரிஜினல் சாமான் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அருகிக்கொண்டே வந்தது. கிடைத்தாலும் அவர் வாங்கமாட்டார். சிதம்பரத்தில் போய் டூப்ளிகேட்தான் வாங்கிப் போடுவார். போட்டுவிட்டு என் கடைக்கு வந்து காட்டிவிட்டுப் போவார்.

"உன் மூடி ஒண்ணு வாங்குற காசுல நான் ஆறு மூடி வாங்கிருக்கேன் மச்சான். ஒண்ணு கெட்டாலும் அஞ்சு இருக்குது."

"அந்த அஞ்சும் கெட்டதுதான் மச்சான்."

"கெட்டது ஓடுது பாரு. அதான் டூப்ளிகேட்டு."

பட்டம்மாள் ஒருமுறை, "ரெண்டு பேரும் அந்த ரேடியேட்டருக்குள்ளயே எறங்கிக் குடும்பம் நடத்துங்க. சோறு ஆனதும் மூடியத் தொறந்து ஊட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் அப்படித்தான் பேசுவாள்.

இந்த மூடி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டூப்ளிகேட் மூடியில் ஸ்பிரிங் தளர்வாக இருக்கும். ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே போய்விடும். அதனால் உள்ளே அழுத்தம் சேராது. தண்ணீர் குறையும், அடிக்கடி ஊற்ற வேண்டும். தொல்லைதான், ஆனால் ஆபத்து இல்லை. என் மச்சான் கடலூருக்கு வரும்போதெல்லாம் புதுச்சத்திரம் தாண்டி ஒரு புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்துவார். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் தூக்கி, ஈரத்துண்டைப் போட்டு மூடியை ஒரே திருகாகத் திருகித் திறப்பார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் எட்டிப் பார்த்து, பாட்டில் தண்ணீரை ஊற்றுவார். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். கொஞ்சம் புகை வரும், வேறு ஒன்றும் வராது.

ஒரிஜினல் மூடி அப்படி இல்லை. அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். கொதிக்க வேண்டிய சூட்டையும் தாண்டித் தண்ணீர் கொதிக்காமல் உள்ளே நிற்கும். சூட்டோடு திறந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வரும். அதை மூடியின் குறை என்று சொல்லக்கூடாது. நல்ல மூடி என்றால் அப்படித்தான் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வைகாசி மாதத்தில் பட்டம்மாளுக்கு நெஞ்சு வலி வந்தது. காலை பத்து மணி. நூற்றெட்டுக்குப் பேசினார்கள், இருபது நிமிஷத்தில் வருகிறோம் என்றார்கள். சிதம்பரம் ஆஸ்பத்திரி பக்கம்தான், கார் பதினைந்து நிமிஷத்தில் போய்விடும் என்று மச்சான் அவளைக் காரில் ஏற்றினார். பாதி வழியில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், தண்ணீர் போகிற ரப்பர்க் குழாய், வெடித்தது. மொத்தத் தண்ணீரும் ரோட்டில் போய்விட்டது. வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல். வாய்க்காலிலும் தண்ணீர் இல்லை, கோடை. ஒரு மினி லாரிக்காரர் பின்னால் வைக்கோல் மேல் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி வாசலில், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறார் டாக்டர். என் தங்கைக்கு வயது அறுபத்தெட்டு.

கருமாதி அன்று பந்தியில் யாரோ, நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டி எப்படி நின்றது என்று கேட்டார்கள். "டூப்ளிகேட் ஹோஸ்" என்று நான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பந்தியில் இருந்த அத்தனை பேரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த காயத்ரி, அவர்களுடைய ஒரே மகள், கையில் இருந்த கரண்டியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியவள்தான். அவளுக்குக் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் வீடு. அடுத்த வருஷம் தெவசத்தைத் தன் வீட்டிலேயே வைத்தாள். அப்பாவைக் கூப்பிடவில்லை. தாய்மாமன் என்று என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் எனக்குச் சாப்பாடு. "மாமா, நீங்க சொன்னத அப்பவே அவரு கேட்டிருந்தா அம்மா இருந்திருக்கும்" என்று குழம்பு ஊற்றும்போது சொல்வாள். நான் சாப்பிடுவேன். கைப்பக்குவம் அவள் அம்மாவுடையது.

இந்த வருஷம் சித்திரைக் கடைசியில், ஒரு மத்தியானம், மச்சான் பஸ்ஸில் வந்து என் கடைவாசலில் இறங்கினார். கையில் மஞ்சப்பை. மேஜை மேல் வைத்தார்.

"என்னா மச்சான், பாம்பு கீம்பு புடிச்சாந்திருக்கியா?"

"நீயே பாரு."

வெடித்த ஹோஸ். அன்றைக்கு வண்டியைச் சரிசெய்த ஆள் கழற்றி டிக்கியில் போட்டது, மூன்று வருஷமாக ஸ்டெப்னிக்குக் கீழே கிடந்திருக்கிறது. வண்டியைச் சுத்தம் செய்யும்போது கையில் கிடைத்திருக்கிறது. அதன் ஒரு முனையில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு எங்கோ வாங்கியதை என் கடையில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கிறவர்கள் உண்டு. அதனால் விற்கிற ஒவ்வொரு சாமானிலும் நகப்பாலிஷால் ஓரத்தில் ஒரு பொட்டு வைப்பேன். எங்கள் தொழிலில் எல்லாரும் ஏதாவது ஒரு அடையாளம் வைப்பார்கள். எனக்குச் சிவப்பு. கை தானாகப் போய் வைத்துவிடும். எதில் வைக்கிறோம், எதில் வைக்கக்கூடாது என்று கைக்குத் தெரியாது.

"இது உன் பொட்டு" என்றார்.

"ஆமா."

"பட்டம்மாதான் அடம் புடிச்சிது. மத்ததெல்லாம் எங்க வேணா வாங்கு, இத எங்க அண்ணன் கடையில வாங்கு, ஒரிஜினலா வாங்குன்னுச்சி. நானும் வந்தேன். ஒரிஜினல் குடுன்னு வாயத் தொறந்து கேட்டேன். ஆயுசுல ஒரே தடவ கேட்டேன் மச்சான்."

"ஆமா."

"பொட்டியப் பிரிச்சித்தான குடுத்த?"

"பொட்டி ஒரிஜினல்தான் மச்சான்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். முதலில் சிரிக்க ஆரம்பித்தார். நான் சொல்வதைக் கேட்டுச் சிரித்துப் பழகிய வாய் அது. பாதியில் நின்றுவிட்டது.

ஒரிஜினல் வராத நாட்கள் எல்லாக் கடைக்கும் வரும் சார். அவர் வந்த அன்று என்னிடம் அந்த ஹோஸ் இல்லை. இருபது வருஷமாக என்னைக் கேலி செய்தவர் முதல்முறையாக ஒரிஜினல் கேட்டு வந்து நிற்கிறார். இல்லை என்று சொன்னால் அதையும் ஒரு கதையாக்கி ஊர் முழுக்கச் சொல்வார். ஒரிஜினல் சாமான் வந்த காலிப் பெட்டிகளை நான் எறிவதில்லை. உள்ளே போய் ஒரு பெட்டியில் ஒரு ஹோஸைப் போட்டு எடுத்துவந்து, அவர் கண் முன்னாலேயே பிரித்து, பொட்டு வைத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னா இருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்றார். அதைக் கேட்க எனக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது.

இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

"வெடிச்சது நான் சிதம்பரத்துல வாங்கிப் போட்ட இன்னொரு ஹோஸுன்னுதான் நெனச்சேன். மூணு வருஷமா என் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டுப் படுத்து எழுந்திரிக்கிறேன். வைகாசியில தெவசம். காயத்ரி கூப்புடல. கூப்புடாட்டியும் போவேன். போயி இத அவ கையில குடுத்து, ஒங்கம்மா சொன்ன மாதிரிதான்மா வாங்கினேன்னு சொல்லப் போறேன். உன்னப் பத்தி ஊருல பேசமாட்டேன். போலீசுக்கும் போவமாட்டேன். எம்பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த பேசணும். அது போதும்."

ஊருக்குச் சொல்லமாட்டார்தான். அதை நான் நம்பினேன். ஆனால் காயத்ரிக்குத் தெரிந்தால் போதாதா. ஒரு பெண் அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொன்னால் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகருக்கு வர அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

"நியாயம்தான் மச்சான்" என்றேன். "கண்டிப்பா சொல்லு. ஆனா இந்த வெயில்ல அந்த வண்டிய எடுத்துக்கிட்டு அம்மாந்தூரம் வராத. எங்கிட்ட வுடு. ரேடியேட்டர், ஹோஸு, எல்லாம் நானே பாத்துத் தர்றேன். ஒரிஜினலாவே போட்டுத் தர்றேன். காசு வேணாம். என்னால முடிஞ்சது அதான்."

அவர் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மனசு மாறிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். ஆனால் மஞ்சப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனார்.

வண்டியை மூன்று நாள் வைத்திருந்தேன். நானே வேலை செய்தேன். ரேடியேட்டரை இறக்கி, கசிவுகளை ஈயம் வைத்து அடைத்தேன். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், எல்லாம் புதிது. பழைய ஸ்டாக் வைத்திருக்கும் ஒருவரிடம் திட்டக்குடி வரை போய் வாங்கிவந்தேன். ஒரு சொட்டுக் கசியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கசிந்தால் அழுத்தம் சேராது. கடைசியாக மூடி. என்னிடம் ஒரே ஒரு ஒரிஜினல் மூடி இருந்தது, பத்து வருஷமாகக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தது. அதைப் போட்டேன். மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. ஃபேன் பெல்ட். அது வழவழத்துப் போயிருந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் வழுக்கும், விசிறி சரியாகச் சுற்றாது, இன்ஜின் சூடு ஏறும். அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் வண்டி குளிர்ந்து ஓடியிருக்கும், மற்ற வேலை எல்லாம் வீண்.

தெவசத்துக்கு முதல் நாள் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் கீரப்பாளையத்தில் விட்டேன். எதிர்வீட்டு இளவரசு வந்திருந்தான். நெல் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவன், நல்ல பையன், நாற்பது வயது இருக்கும். அவன் மனைவி மலர்க்கொடி டீ கொண்டுவந்தாள். எல்லாரும் பானெட்டைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

நான் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன்: "மச்சான், ஒரு விஷயம். இந்த மூடி ஒரிஜினல். பழைய நெனப்புல சூட்டோட தொறந்துடாத. தொறந்தா தண்ணி பனமரம் ஒசரத்துக்கு வரும். மூஞ்சி வெந்துபோவும்."

"அந்தக் கெளுத்தி மீனும் வருமா மாமா?" என்றான் இளவரசு.

"மீனு மொதல்ல வரும். தண்ணி பின்னாடி வரும்."

"அப்ப கொழம்பு வைக்க நான் சட்டியோட வர்றேன்" என்றாள் மலர்க்கொடி.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான்தான் அதிகமாகச் சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் சிரிக்கவில்லை. நான் சொன்னது சரியான தகவல் சார். எந்த மெக்கானிக்கும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை. இரண்டு சாட்சி வைத்துக்கொண்டு சொன்னேன். பனைமரத்தை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். சேர்க்காமல் சொன்னால் அவர் நம்பிவிடுவார்.

மறுநாள் காலை நான் காயத்ரி வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மா படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டு, வடை, பாயசம், முருங்கைக்கீரை எல்லாம் வைத்திருந்தாள். படைத்து முடிந்ததும் காக்காய்க்கு வைக்க மாடிக்குப் போனாள். வந்து எனக்கு இலை போட்டாள். இரண்டாவது வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர். பெரியவர் ஒருவர் மரத்தடியில் கார் பானெட்டைத் திறந்தார், முகத்தில் கொதிக்கிற தண்ணீர் அடித்துவிட்டது, முன்சீட்டில் இருந்த மஞ்சப்பைக்குள் ஒரு சீட்டில் இந்த நம்பர் எழுதியிருந்தது என்றார். பைக்குள் அவர் ஒரு சீட்டும் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

காயத்ரி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் போனேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு கண்ணும் போய்விட்டது. முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் கட்டு. முதல் நாளே காயத்ரி அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அப்பா, நான் காயத்ரிப்பா. அம்மா விஷயத்த நான் மறந்துட்டேன். ஒங்கள மன்னிச்சிட்டேன்பா. நீங்க பொழச்சி வாங்க" என்றாள். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு வரவில்லை. பை, பை என்று மட்டும் வந்தது.

"மாமா, ஏதோ பைன்னு சொல்றாரு. என்னா பை?"

"ஆஸ்பத்திரி சீட்டு வச்சிருந்த பையா இருக்கும். எங்கிட்டதான் இருக்குது, நான் பாத்துக்குறேன்" என்றேன்.

ரோட்டில் நின்ற காரை எடுத்துவர என்னைத்தானே அனுப்புவார்கள். மஞ்சப்பை முன்சீட்டில் இருந்தது. இரண்டாம் நாளே பொட்டை அழித்து, ஹோஸை உப்பனாற்றில் போட்டுவிட்டேன். சீட்டையும் போட்டுவிட்டேன். அதில் நம்பருக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தது. படிக்கவில்லை.

எட்டாம் நாள் அவருக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. காயத்ரி மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் ஆரஞ்சு சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன், ஸ்பூனில்.

"மூடி டைட்டா இருந்துச்சி மச்சான்" என்றார்.

"ஆமா. ஒரிஜினல்."

"சொன்னியே."

"சொன்னேன்."

"நீ சொல்றத எவன் நம்புவான்." கட்டுக்குக் கீழே வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. "சிரிக்க வைக்காத. எரியிது."

நான் ஒன்றும் சிரிக்கிற மாதிரி சொல்லவில்லை. இன்னொரு ஸ்பூன் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, "நீயே அவகிட்ட குடுத்துடு மச்சான் அத. எனக்கு இனிமே முடியுமோ என்னவோ" என்றார். சரி என்றேன். அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு உயிர் போய்விட்டது.

கருமாதியில் இந்த முறையும் பேச்சு வந்தது. இதுவும் டூப்ளிகேட் மூடியாகத்தான் இருக்கும், கடைசி வரைக்கும் மனுஷன் திருந்தவில்லை என்று யாரோ சொன்னார்கள். "இல்ல, மூடி ஒரிஜினல், நான்தான் போட்டேன்" என்றேன். காயத்ரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லதுதான் மாமா போட்டீங்க. அவருக்குத்தான் நல்லது ஒத்துக்கல" என்று அழுதாள். காரையும் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். இப்போது அதில்தான் வந்தேன். வாசலில் நிற்கிறது பாருங்கள், வெள்ளை வண்டி. பெல்ட் மாற்றிவிட்டேன். சூடே ஆகவில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, பிறகு ஏன் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இளவரசுக்காகத்தான் வந்தேன். அவன் சோறு சாப்பிடுவதில்லையாம். மாமா அன்னிக்கே சொன்னாரு, நான்தான் மீனு கீனுன்னு கிண்டல் பண்ணி அத விளையாட்டாக்கிட்டேன், நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா பெரியவரு உஷாரா இருந்திருப்பாரு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறானாம். மெஷினை வீட்டிலேயே நிறுத்திவிட்டான். அறுப்பு நேரம். மலர்க்கொடி போன் செய்து, நீங்களாவது வந்து சொல்லுங்க மாமா என்றாள். போய்ச் சொன்னேன். "அது உன் தப்பு இல்லடா, நான் வேணும்னே செஞ்சது" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்காவ இப்படியெல்லாம் சொல்றீங்களே மாமா" என்று இன்னும் அதிகமாக அழுதான். நான் செய்த வேலைக்கு இன்னொருவன் பட்டினி கிடப்பது சரியில்லை. நீங்கள் எழுதி முத்திரை போட்டால் அவன் நம்புவான். சாப்பிடுவான்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். செந்தமிழ்செல்வன் வண்டியில், அவர் சூட்டோடு திறப்பார் என்று தெரிந்தே, நான் அந்த மூடியைப் போட்டேன். பெல்ட்டைத் தெரிந்தே விட்டேன். நம்பக்கூடாது என்பதற்காகவே அந்த மாதிரி எச்சரித்தேன். சாகட்டும் என்றுதான் செய்தேன். கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஏன் செய்தேன் என்று ஒரு வரி வேண்டுமென்றால், குடும்பத் தகராறு என்று போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் ஹோஸைப் பற்றி ஒரு பக்கம் சொன்னேன் அல்லவா, அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். ஏதோ பேச்சுவாக்கில் வந்துவிட்டது. காயத்ரி இந்தத் தாளைப் படிப்பாள். அவள் அம்மா செத்தது அப்பா வாங்கிய டூப்ளிகேட்டால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதற்காக அவரை மன்னித்தும்விட்டாள். அது அப்படியே இருக்கட்டும். நாற்பத்தோரு வருஷமாக என் கடையில் டூப்ளிகேட் விற்றது கிடையாது.